ஃப்ரீபிஎஸ்டி போடப் போகிறீர்களா? ஸ்டேபிள் என்ற பெயரைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள்

2024 ஜூனில் பழைய லேப்டாப் ஒன்றில் முதன்முதலாக, லினக்ஸ் மாதிரி இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியைப் போட உட்கார்ந்தேன். பதிவிறக்கப் பட்டியலில் ஒரு பக்கம் 14.1-ரிலீஸ், இன்னொரு பக்கம் 14.1-ஸ்டேபிள். டெபியன் என்ற லினக்ஸில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே ஸ்டேபிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சர்வரில் போடலாம். அதே நினைப்பில் இங்கேயும் ஸ்டேபிளை இறக்கினேன். 14.1 வெளிவந்த பிறகு அதைச் செப்பனிட்டு, கட்டியாக்கி வைத்திருக்கிறார்கள் போல என்று ஒரு யூகம் வேறு.

தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எச். ஜூலை முதல் தேதி அதில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. அன்றைக்கே ஃப்ரீபிஎஸ்டி பாதுகாப்பு அறிவிப்பு விட்டது. நானும் அப்டேட் கட்டளையைத் தட்டினேன். ரிலீஸ் அல்லாத பதிப்பை இந்த வழியில் புதுப்பிக்க முடியாது என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றது. அப்புறம் என்ன, வந்த சனிக்கிழமை முழுக்க சோர்ஸை, அதாவது மூலநிரலை, கம்பைல் செய்து ஓடும் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

தப்பு என்னுடையதுதான். ஸ்டேபிள் என்பது பயன்படுத்துவோருக்கான பதிப்பு இல்லை, வளர்ச்சியில் இருக்கும் கிளை என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. நீங்களும் படிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. நடுவில் கோடு இருந்தால் கோட்டோடு. ரிலீஸ் என்ற சொல் பதிப்பின் பெயராக வரும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழிவந்தது ஃப்ரீபிஎஸ்டி. முதல் பதிப்பு 1993 நவம்பரில் வந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. லினக்ஸில் கெர்னல் ஒரு இடம், மற்றவை வேறு இடம், அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறவர் இன்னொருவர். இங்கே அப்படி இல்லை. அதனால் பதிப்பு எண் என்றால் அது மொத்த அடிப்படை அமைப்புக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் களஞ்சியத்தின் நடுத்தண்டுக்குப் பெயர் கரண்ட். எந்த மாற்றமும் முதலில் விழுவது இங்கேதான். நம் ஊரில் கரண்ட் என்றால் வேறு பொருள். தெரியாமல் தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற அளவில் இரண்டுக்கும் பொருத்தம் உண்டு. இன்று காலை பூட் ஆன கரண்ட் நாளை காலை பூட் ஆகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். இன்னொன்று, பிழை பிடிக்கும் சோதனைகள் கரண்டில் வழக்கமாகவே இயங்கிக்கொண்டிருக்கும். விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்று பெயர். கெர்னல் தன் உள் பூட்டுகள் (லாக்) ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டே நகர்வதால் வேகம் கணிசமாகக் குறையும். கரண்டைப் போட்டுவிட்டு ஃப்ரீபிஎஸ்டி மெதுவாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை அவ்வப்போது பார்க்கலாம்.

ஒரு பெரிய எண் பிறக்கும்போது கரண்டிலிருந்து ஒரு கிளை பிரியும். 14-க்கு ஒன்று, 15-க்கு ஒன்று. இதுதான் ஸ்டேபிள். கரண்டில் விழுந்த ஒரு திருத்தம் சில நாளோ சில வாரமோ அங்கே ஊறும். யாரும் கத்தவில்லை என்றால் ஸ்டேபிளுக்கு எடுத்து வருவார்கள். இதற்கு எம்எஃப்சி என்று பெயர், கரண்டிலிருந்து சேர்த்தல் என்பதன் சுருக்கம். எல்லாத் திருத்தமும் வராது, வரக்கூடியவைதான் வரும்.

எது வரக்கூடியது என்பதில்தான் ஸ்டேபிள் என்ற சொல்லின் உண்மையான பொருள் இருக்கிறது. 14.0-வில் கம்பைல் செய்த புரோகிராம் 14.3-இலும் மறுபடி கம்பைல் செய்யாமல் ஓட வேண்டும். புரோகிராமும் அமைப்பும் கை கோர்க்கிற அந்த இடம் மாறக்கூடாது. அந்த இடைமுகம்தான் ஸ்டேபிள். சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். துளைகளின் அளவும் இடமும் மாறாது, உங்கள் மிக்ஸி என்றைக்கும் பொருந்தும். ஆனால் சுவருக்கு உள்ளே வயரிங் வேலை தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வயரைத் தவறாகக் கோத்துவிட்டுப் போய்விடலாம். மறுநாள் வந்து சரி செய்வார். இடைப்பட்ட இரவு உங்களுடையது.

14.1-ஸ்டேபிள் என்ற பெயரில் 14.1 இருப்பது ஏன் என்று இப்போது புரியும். அது உறுதியாக்கப்பட்ட 14.1 இல்லை. 14.1 பிரிந்த பிறகு 14.2-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கிளை. பஸ் 14.1 நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது, அடுத்த நிறுத்தம் இன்னும் வரவில்லை.

அடுத்த வெளியீட்டுக்கு நேரம் வந்ததும் ஸ்டேபிளில் கண்டதைச் சேர்ப்பதை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் கிளையின் பெயர்கூடத் தற்காலிகமாக ப்ரீரிலீஸ் என்று மாறும். பீட்டா ஒன்று, இரண்டு என்று வரும். வெளியீட்டுக்கென்று தனிக் கிளை பிரிந்து, ஆர்சி எனப்படும் வேட்பாளர் பதிப்புகள் வரும். கடைசியில் ரிலீஸ். அதன் பிறகு அந்தக் கிளையில் பாதுகாப்புத் திருத்தமும், விட்டால் தீங்கு என்று முடிவான பிழைத்திருத்தமும் தவிர வேறெதுவும் நுழையாது. பழைய புத்தகங்களின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. புத்தகம் மாறாது, தாள் மட்டும் நீளும். 14.1-ரிலீஸ்-பி2 என்று கண்டால் இரண்டாவது தாள் ஒட்டியாகிவிட்டது என்று பொருள்.

இந்த வடிகட்டல் வெறும் சடங்கா என்று கேட்டால், 2021-இல் 13.0 வந்த கதையைச் சொல்வேன். வயர்கார்ட் விபிஎன் கெர்னலுக்குள்ளேயே வருகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் அந்தக் கோடின் தரம் பற்றிக் கடும் கேள்விகள் எழுந்தன. மொத்தமாகக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் ஏப்ரல் 13 அன்று 13.0-ஐ வெளியிட்டார்கள். திருத்தி எழுதிய வயர்கார்ட் 2023-இல் 13.2-உடன் வந்தது. ரிலீஸ் என்ற முத்திரைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தில் ஒரு சேதமும் இல்லை.

எண் பெரியதாக இருந்தால் நல்லது என்ற கணக்கும் எப்போதும் பலிக்காது. 2003 ஜனவரியில் வந்த 5.0, அதன் பின் வந்த 5.1, 5.2 மூன்றும் கரண்டிலிருந்தே வெட்டி எடுத்தவை. 5-க்கு ஸ்டேபிள் கிளை என்று ஒன்று அமைந்ததே 2004-இல், 5.3-ஐ ஒட்டித்தான். அதுவரை விவரம் தெரிந்தவர்கள் 4-ஐ விட்டு நகரவில்லை.

முதல் வேலை: உங்களிடம் இருப்பது எது?

ஏற்கெனவே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் முனையத்தில் ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் என்று தட்டி, ஒரு இடம் விட்டு, -கேஆர்யூ என்று மூன்று எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். மூன்று வரி வரும். முதல் வரி வட்டில் இருக்கும் கெர்னல், இரண்டாவது இப்போது ஓடும் கெர்னல், மூன்றாவது மற்ற அடிப்படைக் கருவிகள்.

புதியவர்கள் பதறும் இடம் இது. பேட்ச், அதாவது திருத்தம், எல்லாம் போட்டு முடித்த பிறகும் மேலே இரண்டு வரியிலும் பி3, கீழே பி5 என்று நிற்கும். பேட்ச் ஏறவில்லையோ என்று திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். ஏறியிருக்கிறது. நான்காவது, ஐந்தாவது திருத்தங்கள் கெர்னலைத் தொடவில்லை, அவ்வளவுதான். யூநேம் -ஆர் என்ற பழைய கட்டளை ஓடும் கெர்னலின் எண்ணை மட்டுமே சொல்லும், அதை நம்பிக் குழம்ப வேண்டாம். முதல் வரியும் இரண்டாவது வரியும் வேறு வேறாக இருந்தால் மட்டும் கவனியுங்கள்: புதுக் கெர்னல் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் ரீபூட் செய்யவில்லை.

எதை எடுப்பது

ரிலீஸ். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எந்த ரிலீஸ் என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொதுவாக இரண்டு பெரிய எண்கள் ஒரே சமயத்தில் ஆதரவில் இருக்கும். 15.0 வந்தது 2025 டிசம்பர் 2-ஆம் தேதி. 14-இன் கிளைக்கு 2028 நவம்பர் 30 வரை ஆதரவு உண்டு. 14 வரை ஒரு கிளைக்கு ஐந்து வருட ஆயுள் கொடுத்தார்கள், 15-இலிருந்து நான்கு. பழக, விளையாடிப் பார்க்க என்றால் புதியதை எடுங்கள். அலுவலகக் கோப்புகள் இருக்கப் போகும் சர்வர் என்றால் பெரிய எண்ணின் புள்ளி பூஜ்யத்தில் குதிக்காமல், முந்தைய எண்ணின் கடைசிப் புள்ளியில் இருப்பதுதான் என் வழக்கம். 32 பிட் இன்டெல் பெட்டி என்றால் 15 கிடையாது, 14 தான்.

ஆதரவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 14-க்கு 2028 வரை என்றால் 14.0-வுக்கும் அதுவரை என்று அர்த்தம் இல்லை. ஒரு புள்ளிப் பதிப்பு வந்ததும் முந்தையதற்கு மூன்று மாதம் தவணை. 14.1 வந்தது 2024 ஜூனில், 14.0-வின் கதை அந்த செப்டம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு 14.0-வில் உட்கார்ந்துகொண்டு உதவி கேட்டால் முதலில் மேலே ஏறி வா என்பார்கள், நியாயம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புள்ளி மாற வேண்டியிருக்கும் என்று இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது கோப்பின் பெயரைப் படியுங்கள்

பெயரிலேயே எல்லாம் எழுதியிருக்கும். ஃப்ரீபிஎஸ்டி, பதிப்பு எண், ரிலீஸ் என்ற சொல், பிராசஸர் வகை, கடைசியில் ஊடகம். இடையில் எட்டு இலக்கத் தேதி ஒன்றும் புரியாத எழுத்துக் கோவை ஒன்றும் இருந்தால் அது ஸ்னாப்ஷாட், அதாவது ஸ்டேபிளையோ கரண்டையோ ஒரு நாளில் படம் பிடித்தது. திரும்பி வந்துவிடுங்கள்.

பிராசஸர் இடத்தில் ஏஎம்டி64 என்று இருப்பதைப் பார்த்து, என்னுடையது இன்டெல் ஆயிற்றே என்று தயங்காதீர்கள். 64 பிட் இன்டெலுக்கும் அதே கோப்புதான். பென்டிரைவில் எழுத மெம்ஸ்டிக் என்று முடிவது. டிஸ்க்1 என்று முடிவது டிவிடியில் எழுத, விர்ச்சுவல் மெஷினுக்கும் அது போதும். இறக்கியதும் செக்சம், அதாவது கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண், பார்த்துவிடுங்கள். பாதியில் அறுந்த கோப்போடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

15.0-வை நிறுவும்போது அடிப்படை அமைப்பைப் பழைய முறையில் போடவா, பேக்கேஜாகப் போடவா என்று ஒரு கேள்வி வரும். பேக்கேஜ் வழி 15.0-வில் முன்னோட்டமாகத்தான் வந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கெர்னல் உட்பட எல்லாம் பிகேஜி என்ற பேக்கேஜ் கருவி வழியாகவே புதுப்பிக்கப்படும், அடுத்து நான் சொல்லும் முறை பொருந்தாது. முதல் தடவை என்றால் பழைய முறையே இருக்கட்டும். வட்டில் கோப்புகளை வைக்கும் முறையாக இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், காரணம் கீழே வருகிறது.

பேட்ச் போடுவது

ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நுழைந்து ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச். முடிந்ததும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால். கெர்னல் மாறியிருந்தால் ரீபூட். அவ்வளவுதான்.

ஃபெட்ச் முடிவில் மாறப்போகும் கோப்புகளின் நீண்ட பட்டியல் திரையை நிரப்பிக்கொண்டு நிற்கும். எதுவும் நகராது, என்ன கேட்கிறது என்றும் தெரியாது. உறைந்துவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அமுக்கியவரை எனக்குத் தெரியும். கியூ என்ற எழுத்தை ஒருமுறை தட்டுங்கள், வெளியே வந்துவிடும்.

இந்த எளிய வழி ரிலீஸுக்கும் அதற்கு முந்தைய பீட்டா, ஆர்சி போன்றவற்றுக்கும் மட்டும்தான். ஸ்டேபிளுக்கும் கரண்டுக்கும் கிடையாது. நான் அந்தச் சனிக்கிழமையை இழந்தது இங்கேதான்.

திருத்தம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கு ஒரு உதாரணம். 14.0 வெளிவந்தது 2023 நவம்பர் 20. அதே சமயத்தில் இசட்எஃப்எஸ்ஸில் கோப்பின் உள்ளடக்கம் சிதையக்கூடிய பிழை ஒன்று வெளியே தெரிந்தது. இரண்டு வாரத்துக்குள் 14.0-வுக்கும் 13.2-வுக்கும் திருத்தம் வந்துவிட்டது. மேலே சொன்ன இரண்டே கட்டளை. புள்ளி பூஜ்யத்தில் சர்வரைக் கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது மட்டும் காரணம் இல்லை, அந்தப் பிழை 14-க்கு முன்பே இருந்தது. ஆனாலும் அந்த இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

அடுத்த ரிலீஸுக்கு ஏறுவது

முதலில் திரும்பி வர ஒரு வழி. இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால் பிஇசிடிஎல் கிரியேட் என்று தட்டி ஒரு பெயர் கொடுங்கள், 'பழையது' என்ற பொருளில் ஏதாவது. இப்போதைய அமைப்பின் பிரதி ஒரு நொடியில் பத்திரமாகிவிடும். ஏறிய பிறகு ஏதாவது கோளாறு என்றால் பூட் மெனுவில் அதைத் தேர்ந்து பழைய நிலைக்குப் போய்விடலாம். இதற்காகத்தான் இசட்எஃப்எஸ் என்றேன்.

இருக்கும் பதிப்பின் பேட்ச் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். பிறகு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் அப்கிரேட் -ஆர், அதன் பின் போக வேண்டிய பதிப்பின் முழுப் பெயர், உதாரணத்துக்கு 14.3-ரிலீஸ். என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று காட்டி, சரியாகத் தெரிகிறதா என்று கேட்கும். ஒய் என்று சொல்லுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது அடுத்த கட்டம். நீங்கள் மாற்றிய அமைப்புக் (கான்ஃபிக்) கோப்பையும் புதிய பதிப்பில் வந்த கோப்பையும் அதுவாகவே ஒட்டப் பார்க்கும். ஒட்ட முடியாவிட்டால் எடிட்டரைத் திறந்து உங்கள் முன்னால் வைக்கும். உள்ளே '<' குறிகள் ஏழு வரிசையாக, நடுவில் சமக்குறிகள் ஏழு, முடிவில் '>' குறிகள் ஏழு இருக்கும். மேல்பாதி ஒரு வடிவம், கீழ்பாதி மற்றொன்று. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்து, அந்தக் குறி வரிகளையும் அழிக்க வேண்டும். இதைத்தான் மறப்பார்கள். எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பில் குறிகள் அப்படியே தங்கிவிட்டால் எஸ்எஸ்எச் எழுந்திருக்காது. சர்வர் வேறு ஊரில் இருந்தால் அப்புறம் நீங்கள்தான் எழுந்து போக வேண்டும்.

எல்லாம் சரி என்றால் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால், ரீபூட், மறுபடியும் அதே இன்ஸ்டால். முதல் தடவை கெர்னல், இரண்டாவது தடவை மற்றவை. 13-இலிருந்து 14, 14-இலிருந்து 15 என்று பெரிய எண் மாறினால் பேக்கேஜ்களை எல்லாம் புதிதாக ஏற்றிய பிறகு மூன்றாவது இன்ஸ்டால் ஒன்று உண்டு; பழைய நூலகக் கோப்புகளை அப்போதுதான் அகற்றும்.

ஏறிய கையோடு இசட்எஃப்எஸ் பூலையும், அதாவது அது வட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பையும், அப்கிரேட் செய்யலாமே என்று பூலின் ஸ்டேட்டஸ் கட்டளை ஆசை காட்டும். ஒரு மாதம் பொறுங்கள். பூலில் புது வசதிகளை இயக்கிவிட்டால், நீங்கள் பத்திரப்படுத்திய பழைய அமைப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். திரும்பும் வழியை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

பேக்கேஜ்களுக்கு வேறு கணக்கு

ஃபயர்ஃபாக்ஸ், என்ஜின்எக்ஸ், பைத்தான் மாதிரியானவை அடிப்படை அமைப்பில் சேராது. பிகேஜி வழியாக வரும் இவற்றுக்கு ரிலீஸ், ஸ்டேபிள் என்ற பெயர்கள் பொருந்தாது. இங்கே காலாண்டு, லேட்டஸ்ட் என்று இரண்டு வழி. காலாண்டுக் கிளை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதிதாகப் பிரியும், இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வரும். ரிலீஸில் வழக்கமாக அமைந்திருப்பது காலாண்டு. ரிலீஸில் இருந்தால் பழைய ஃபயர்ஃபாக்ஸ்தான் கிடைக்குமோ என்ற பயம் வேண்டாம். அமைப்பை அசைக்காமல் பேக்கேஜை மட்டும் லேட்டஸ்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். மேசைக் கணினியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடறல்: கிராபிக்ஸ் டிரைவர் போன்ற, கெர்னலோடு சேர்ந்து ஓடும் கெர்னல் மாட்யூல்கள். பேக்கேஜ்களை ஆதரவில் இருக்கும் பழைய புள்ளிப் பதிப்பில் கட்டுவார்கள். அதனால் புதுப் பதிப்புக்கு ஏறியவுடன் திரை கருப்பாகவே நிற்கும் கதை நெடுங்காலமாக உண்டு. இப்போது இவற்றுக்குத் தனிக் களஞ்சியம் வந்துவிட்டது. பழைய நிறுவலிலிருந்து ஏறி வந்தவர்கள் அது தங்கள் அமைப்பில் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் ஸ்டேபிள் யாருக்கு?

உங்கள் நெட்வொர்க் கார்டுக்கான திருத்தம் ஸ்டேபிளுக்கு வந்துவிட்டது, அடுத்த ரிலீஸுக்கு நான்கு மாதம் இருக்கிறது என்றால் போகலாம். அடுத்த வெளியீட்டை முன்கூட்டிச் சோதித்துப் பிழை சொல்ல விரும்பினாலும் போகலாம், அவர்களுக்கு அது உதவி. நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோ சர்வர்களில் கரண்டையே ஒட்டிப் போகிறது. ஆனால் கெர்னலுக்கு உள்ளே கை வைக்கும் ஆட்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நமக்கு நாமே ஆள்.

என்னைப் போலத் தெரியாமல் ஸ்டேபிளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அடுத்த ரிலீஸ் வரும்வரை சோர்ஸைக் கம்பைல் செய்து ஓட்டி, வந்ததும் அந்த ரிலீஸின் கிளைக்கு மாறி இன்னொரு தரம் கம்பைல் செய்வது. அதன் பிறகு அப்டேட் கட்டளை உங்களை ஏற்றுக்கொள்ளும். பின்னோக்கி, அதாவது 14.1-ஸ்டேபிளிலிருந்து 14.1-ரிலீஸுக்கு இறங்கப் பார்க்காதீர்கள். இரண்டாவது வழி, வீட்டுக் கோப்புகளையும் அமைப்புக் கோப்புகளையும் வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, ரிலீஸைப் புதிதாக நிறுவுவது. நான் டிசம்பர் வரை முதல் வழியில் இழுத்துப் பார்த்துவிட்டு, 14.2 வந்த வாரம் இரண்டாவதைச் செய்தேன். நகல் எடுத்த நேரம் போக, நாற்பது நிமிடம் ஆனது.